அய்யனார் காட்டு ஆமைகள்

பூமாலை ஆள்காட்டி விரலைப் பாண்டுத் தண்ணீரில் நட்டுப் பார்க்கிறார். முதல் கணுவுக்கு மேல் ஈரம் ஏறினால் சாய்த்துக் கொட்டிவிடுவார். கொத்தனார்கள் கலவை சுமக்கும் அந்த இரும்புப் பாண்டில் நட்சத்திர ஆமைகளை ஒவ்வொன்றாக இறக்கி, "குடிங்க தாயி, அவசரமில்ல" என்பார். தரையாமைக்கு நீந்தத் தெரியாது. தாகத்தில் வாடி வந்தவற்றுக்கு, தாடை நனைகிற தண்ணீரில் உட்கார்ந்தால்தான் உயிர் திரும்பும்.

குன்னத்துக்கு அருகே வனத்துறை நாற்றுப் பண்ணையில் அவர் தற்காலிகக் காவலர். காக்கிச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். பேண்ட் அவர் சொந்தச் செலவு. திருச்சி விமான நிலையத்தில் கடத்தலில் பிடிபடும் ஆமைகளில் ஒரு பங்கு இங்கே வரும். மலேசியாவிலோ தாய்லாந்திலோ யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் அலங்காரமாக ஊர்ந்திருக்க வேண்டியவை. காலையும் தலையையும் உள்ளே தள்ளி, டேப் சுற்றி, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காலுறையில் திணித்து அடுக்குகிறார்கள். இதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று உலக நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. திணிப்பவனுக்கு அதுவும் தெரியும். அதனால்தான் விலை ஏறியிருக்கிறது.

டேப்பை உரிக்க வேப்பெண்ணெய் தடவி ஊறவிடுவார். இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். செத்தவற்றைத் தூக்கி எறிய முடியாது, அவையும் வழக்குச் சொத்து. மருத்துவர் அறுத்துப் பார்த்து, படமெடுத்த பிறகு எரிக்க வேண்டும். எரிப்பதும் பூமாலைதான். அன்றைக்குச் சாப்பிட மாட்டார். கேட்டால் "வவுறு சரியில்ல" என்பார்.

அவர் ஊர் எல்லையில் அய்யனார் கோயில், சுற்றிலும் காரையும் சூரையுமாக முட்புதர் மண்டிய காடு. அந்தப் பக்கம் போனால், மொபெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிடுவார். "ஒத்தக் கையால கும்புட்டா பத்தாதா?" என்று பின்னால் இருக்கும் மனைவி காத்தாயி அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "அவரு புடிச்சுக்குவாரு" என்பார். ஒருமுறை இருவரும் மக்காச்சோளக் கொல்லைக்குள் போய் விழுந்தார்கள். எழுந்ததும் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை நிமிர்த்தினார்.

போன வருடம் பிழைத்த ஆமைகளை விடச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது. வனவர் மணிமொழி தொலைவில் ஒரு காப்புக்காட்டைச் சொன்னார். பூமாலைதான் குறுக்கே விழுந்தார்.

"அய்யனாரு காட்டுல வுட்டுருவம் மேடம். அடுப்பெரிக்கக்கூட அங்க ஒரு சுள்ளி ஒடிக்க மாட்டாங்க."

மணிமொழி யோசித்துப் பார்த்து, மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்கினார்.

அப்போது விட்டவற்றில் மூளியும் ஒன்று. கலப்பை பட்டு ஓட்டின் பின்விளிம்பில் ஒரு துண்டு போயிருந்ததால் பூமாலை வைத்த பெயர். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து அந்த இடத்தில் பூசி, சப்பாத்திக்கள்ளிப் பழம் ஊட்டித் தேற்றியிருந்தார். காட்டில் இறக்கியதும் அது திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டது. "பாத்தீங்களா மேடம், நம்மள மதிக்கவே இல்ல" என்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

இந்தப் பங்குனியில் அடுத்த பெட்டி வந்தது. ஒரு காலுறையைக் கத்தரிக்கும்போதே அவருடைய கட்டைவிரல், ஓட்டின் பின்விளிம்பிலிருந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. உரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூளியிடம் உயிர் இல்லை. மற்றவற்றோடு அதையும் பாண்டுத் தண்ணீரில் வைத்தார். மணிமொழி தடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த காத்தாயியின் தம்பி அய்யாக்கண்ணுவிடம் புலம்பினார். மறைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நாங்கதான் புடிச்சுக் குடுத்தோம். திருடல மாமா, கேட்டுத்தான் எடுத்தோம். செவப்புப் பூவும் வெள்ளப் பூவும் பொட்டலம் கட்டி அய்யனாரு முன்னாடி போட்டோம். ஒண்ண எடுத்துப் பிரிச்சா வெள்ளப் பூ வந்துச்சு. சாமியே குடுத்துருச்சு."

"செவப்பு வந்துருந்தா?"

"மறுபடி கேட்டுருப்போம்."

பூப்போட்டுக் கேட்காமல் அந்த ஊரில் கல்யாணம் நடக்காது, கிணறு வெட்ட மாட்டார்கள். காத்தாயி அவருக்கு வாழ்க்கைப்பட்டதும் வெள்ளைப் பூவால்தான். கேட்காமல் சுள்ளி ஒடிக்காத ஊர், கேட்டுவிட்டால் எதையும் எடுக்கும் என்பது பூமாலைக்குத் தெரியாததல்ல. ஆமையை விடுகிற சந்தோஷத்தில் மறந்துவிட்டார், பாவம்.

மறுநாள் காலை மைத்துனன் பெயரை மணிமொழியிடம் சொன்னது அவர்தான். அய்யாக்கண்ணு உள்ளே போனான். காத்தாயி அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை. மொபெட்டில் ஏறுவதும் இல்லை, டவுனுக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள்.

போன வாரம் அந்தப் பெட்டியில் பிழைத்தவற்றை விட உத்தரவு வந்தது. இந்த முறை எங்கே என்பதை ஜீப் கிளம்பும்வரை மணிமொழி யாரிடமும் சொல்லவில்லை. பூமாலை பின்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் பெட்டி. உள்ளே நகங்கள் பிராண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போகும் வழி அய்யனார் கோயிலை ஒட்டித்தான். வாசலில் புதிதாக ஒரு மண்குதிரை, வண்ணம்கூட மங்காமல் நின்றது. அய்யாக்கண்ணுவின் கூட்டாளிகள் நேர்ந்து செய்து வைத்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மணிமொழியும் தலை தாழ்த்தினார்.

பூமாலையின் இரண்டு கைகளும் பெட்டி மூடியின் மேலேயே இருந்தன.