மோதிர விரல் நிமிராத காலைகள்

முதல் நாள் அது வலியாகக்கூட வரவில்லை. விடிவதற்கு முன் எழுந்தபோது வலது கையின் மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. மற்ற விரல்கள் விரிந்தன, அது மட்டும் வரவில்லை. இடது கையால் பிடித்து நிமிர்த்தினேன். ‘டக்’ என்று ஒரு சொடுக்கு விழுந்து நிமிர்ந்தது. அன்றைக்கே மறந்துவிட்டேன்.

நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்தெட்டு வருடமாக இந்தக் கை வளைந்த கத்தியைப் பிடித்திருக்கிறது. நேரில் யாரிடமும் நான் இவ்வளவு பேசியதில்லை. விரல் மடங்கிப்போய் அதை வெளியே சொல்லாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இரண்டாவது மாதம் விரலின் அடியில், உள்ளங்கையில், நல்லமிளகு அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. காலையில்தான் விரல் மோசமாக இருக்கும், வெயில் ஏறினால் இளகும். ஆனால் பால் வெட்டுவது விடியற்காலையில்தான்.

மனைவியிடம் சொல்லவில்லை. சோறு பிசையும்போது விரல் மாட்டிக்கொள்ளும் என்பதால், அவள் அடுக்களைக்குள் போகும் நேரம் பார்த்துச் சாப்பிட்டேன். மற்ற நேரமெல்லாம் கை இடுப்பில் கட்டிய சாரத்தின் (கைலியின்) மடிப்புக்குள் இருந்தது.

மறைத்ததற்குக் காரணம் உண்டு. என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய். காலில் முள் தைத்து நான்கு நாள் நடந்திருக்கிறான், அவனுக்குத் தெரியவில்லை. முதலில் கால் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பின் இரண்டு மழைக்காலம் இருந்தான். அவனுக்கும் கைவிரல் மடங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்று டாக்டர் சொன்னபோது கட்டிலருகே நின்றவன் நான். ஆகவே எனக்குப் பயம் விரலைப் பற்றி அல்ல. விரலைக் காட்டினால் ரத்தம் எடுப்பார்கள் என்று பயந்தேன்.

பக்கத்து ஊர் வர்ம ஆசானிடம் மட்டும் போனேன். அவர் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை விட்டார்.

“இது சுளுக்கும் இல்ல, வர்மமும் இல்ல. ரெத்தம் பாத்தியா?”

“பாத்தாச்சு ஆசானே. ஒண்ணும் இல்ல.”

தடவிக்கொள்ள எண்ணெய் கொடுத்து, விரலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்றார். எண்ணெயைத் தடவினேன், தினமும் இழுக்கவும் செய்தேன்.

பால் வெட்டும்போது பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை கரடாக வளரும், பிறகு அங்கே வெட்ட முடியாது. வெட்டு முடிகிற இடத்தில் என் விரல் பூட்டிக்கொள்ளும், கத்தி குத்தி இறங்கும். பத்தாவது மாதத்தில் ஒரு நாள் தோட்டத்து உடமைக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற கண்டக்டர் அவர். ஒவ்வொரு மரமாக நின்று காயங்களில் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்.

“எடே, எனக்க மரத்துக்கும் உனக்கும் என்ன விரோதம்?”

நான் வலது கையைச் சாரத்தின் மடிப்புக்குள் விட்டேன்.

“கைய நீட்டு.”

நீட்டினேன்.

“இது இடத்தேக் கை. வெட்டுகது இந்தக் கையாடே? மற்றதக் காட்டு.”

காட்டினேன். அவர் குரல் தணிந்தது. “நாளைக்கு நீ கத்தி எடுக்கண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போ” என்றவர், அங்கேயே நின்று என் மனைவிக்குப் போன் செய்தார்.

“பத்து மாசமா எனக்க முன்னால இருந்து ஒளிச்சு வச்சிருக்கீங்க. நான் என்ன, போலீஸா?” என்றாள் மனைவி, மறுநாள் மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில்.

ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டரம்மா முடிச்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு மடக்கச் சொன்னார். “இதுக்கு டிரிகர் ஃபிங்கர்னு பேரு” என்றார் (துப்பாக்கியின் விசையை இழுத்த விரல்போல நின்றுவிடுவது). விரலை மடக்கும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்) ஓர் உறைக்குள் ஓடுகிறது. உறையின் வாய் தடித்து இறுகினால் நாண் அங்கே சிக்கிக்கொள்ளும். “இதால உயிருக்கு ஒண்ணும் இல்ல. ரத்தம் மட்டும் பாத்துருவோம்.”

முடிவு வரும்வரை வராந்தாவில் இருந்தோம். எனக்கு முடிவு தெரிந்திருந்தது.

“சர்க்கரை ரொம்பக் கூடுதல். தாகம் எத்தன நாளா இருக்கு?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

முதலில் மாத்திரை, பத்தியம், விரல் மடங்காமல் இருக்க இரவில் கட்டும் பட்டை. சர்க்கரை ஓரளவு இறங்கிய பிறகு விரலடியில் ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தை வற்றச் செய்யும் மருந்து) போட்டார்கள். அந்த ஊசியே சில நாள் சர்க்கரையை ஏற்றும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், அப்படியே ஏறியது. இரண்டு மாதம் விரல் சும்மா இருந்தது. பிறகு ஒரு காலை பூட்டிக்கொண்டது. இடது கையால் இழுத்தும் நிமிரவில்லை.

அறுவை சிகிச்சை சிறியதுதான். கையை மட்டும் மரக்க வைத்து, உள்ளங்கையில் சின்னதாகக் கீறி, இறுகிய உறையைத் திறந்துவிட்டார்கள். நான் விழித்திருந்தேன். “இப்போ மடக்குங்க, நிமித்துங்க” என்றார் டாக்டரம்மா. விரல் சத்தமில்லாமல் போய் வந்தது. அந்தச் சொடுக்கு இல்லாதது எனக்கு ஏனோ பயமாக இருந்தது.

விரல் மடங்குகிற எல்லோருக்கும் சர்க்கரை இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கைக்கு ஓய்வு கொடுத்தே சிலருக்குச் சரியாகிவிடும். ஆனால் ரத்தம் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமலிருந்த பத்து மாதமும் சர்க்கரை உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

இப்போது கத்தி பிடிக்கிறேன். விரல் தொல்லை தருவதில்லை. டாக்டரம்மா என் பாதங்களைச் சோதித்துவிட்டு, சர்க்கரையால் இடது காலில் உணர்வு சற்றுக் குறைந்திருக்கிறது என்றார். வீட்டில் அதைத் தொட்டுப் பார்ப்பது எப்படி என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கண்ணை மூடிக் கால் நீட்டி இருப்பேன். அவள் விரல் நுனியால் என் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவாள்.

“இப்பம்?”

“பெருவிரல்.”

“இப்பம்?”

“நடுவிரல்.”

சில வேளை அவள் கேட்பதில்லை. நான் காத்திருப்பேன். அவள் இன்னும் தொடவில்லையா, தொட்டுவிட்டு என் பதிலுக்காக இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறக்கக் கூடாது.