சனிக்கிழமை பதினொரு மணி

எங்கள் வகுப்பின் வலைப்பூவை, அதில் எழுதிய மாணவர் ஒருவர்கூடக் கணினித் திரையிற் கண்டதில்லை. மடுல்சீமைக்கு அப்பால், தேயிலை மலைகளின் நடுவே இருந்த அப்பாடசாலைக்குக் கணினி ஒன்று வழங்கப்பட்டிருந்தது; தொலைபேசி இணைப்பு வழங்கப்படவில்லை. ஆதலால் அவர்கள் தாளில் எழுதினர். சனிக்கிழமைகளில் நான் முதற் பேருந்திற் பதுளைக்கு இறங்கி, பேருந்து நிலையத்தை அடுத்த கணினிக் கடையில் அமர்ந்து, ஒற்றை விரலால் தட்டி அவற்றை வலையேற்றுவேன். ஏறிய பக்கத்தை அச்செடுத்துத் திங்கட்கிழமை வகுப்புச் சுவரில் ஒட்டுவேன். அவர்கள் அறிந்த இணையம் அந்தத் தாள்தான்.

பரீட்சைக்கு மனனம் செய்த கட்டுரையன்றிச் சொந்தமாக ஒரு வரியும் எழுதியறியாத வகுப்பு அது. உலகம் படிக்குமென்றால் எழுதுவார்கள் என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியனாக மாற்றலாகி வந்த நான் எண்ணினேன். “நீங்கள் எழுதுகிறது உலகமெல்லாம் போகும்” என்றேன். உலகமெல்லாம் போவதென்று அவர்கள் அறிந்திருந்தது வானொலி ஒன்றையே. முதல் வாரம் என் மேசைக்கு வந்தவை யாவும் பிறந்தநாள் வாழ்த்துகள். அப்பா, அம்மா, அப்பாயி, லுணுகலையில் வசிக்கும் மாமா, மாமி, மச்சான்மார் எல்லோரும் வரிசையாக நின்று பல்லாண்டு வாழ்கவென வாழ்த்தினர்.

“என்ன பிள்ளையள், நாங்கள் வானொலி நிலையமே நடத்துறம்?” என்று கேட்டேன்.

“அப்ப கடைசியில ஒரு பாட்டும் போட்டுருங்க சேர்!” என்றது பின்வரிசை. வகுப்பே குலுங்கிற்று.

அன்றே அத்தகைய வாய்பாட்டுச் சொற்களை விலக்கினேன். நேற்றுக் கண்டதை எழுதுங்கள், கண்டபடியே எழுதுங்கள் என்றேன். முதன்முதலில் அவ்வாறு எழுதியவள் முன்வரிசை மாணவி ஒருத்தி. அவளுடைய தாய் சவூதியில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தாள்.

“தம்பிக்கு முன்பல் விழுந்தது. கூரையில் எறிந்தோம். தகரத்தில் உருண்டு திரும்பி வந்தது. மறுபடியும் எறிந்தோம். பீலியில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. சிவப்புச் சட்டை எனக்குச் சின்னதாகிவிட்டது.”

திருத்துவதற்குச் சிவப்புப் பேனாவை எடுத்த நான் மூடிவைத்துவிட்டேன். கடல் கடந்து வாழும் யாரோ ஒருவர் அப்பதிவின் கீழ், நடை நன்று என்று எழுதியிருந்தார். அதனை அவளிடம் பெருமையுடன் காட்டினேன். அவள் கேட்டது வேறு.

“அம்மா கேட்டுச்சாங்க சேர்?”

படிப்பது என்ற சொல்லை அவள் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. தாய்க்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அவ்வீட்டிற் கணினி இருந்ததா, இருந்தாலும் பணிப்பெண்ணைத் தொட விடுவார்களா என்பதும் ஒருவருக்கும் தெரியாது. எல்லோர் பதிவும் பதினொரு மணியளவில் ஏறும் என்று வகுப்பிற் சொல்லியிருந்தேன். மாதத்தில் ஒருமுறை லுணுகலைத் தொலைபேசிக் கடைக்குத் தாயின் அழைப்பு வரும். தம்பியின் காய்ச்சலும் அப்பாவின் இருமலும் பேசுமுன்னே அது முடிந்துவிடும். அப்படி ஓர் அழைப்பில் மாணவி அவசரமாகச் சொல்லியிருக்கிறாள்: சனிக்கிழமை இங்கே பதினொரு மணி, அங்கே காலை எட்டரை; அந்நேரம் நான் எழுதியது போகும்.

ஒரு சனிக்கிழமை மழையால் பாதையில் மண் இறங்கி, நான் பதுளையை அடைந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. திங்கட்கிழமை அதனை அறிந்து அவள் முகம் வாடினாள்.

“அம்மா நின்னு பாத்துட்டுப் போயிருக்கும் சேர்.”

“அது அங்கேயேதான் இருக்கும் பிள்ளை. எப்ப வேண்டுமெண்டாலும் வாசிக்கலாம்.”

“எப்பவும் இருக்கும்னா, எப்ப கேக்கிறதுன்னு அம்மாவுக்கு எப்புடிங்க தெரியும்?”

அன்றுமுதல், முன்னரே தட்டி முடித்தாலும் பதினொரு மணி வரை காத்திருந்து விசையை அழுத்தினேன். கடைக்காரர் கேலி செய்வார்: “ராகு காலம் பத்தரைக்கே முடிஞ்சிருச்சே சேர், இன்னும் என்னத்துக்குங்க காத்திருக்கீங்க?”

மறு ஆண்டு தாயின் அழைப்புகள் நின்றன. அவள் பதிவுகள் நீண்டன. தம்பி ஆற்றங்கரையில் வழுக்கி விழுந்தது, அடுத்த லயத்து வரிசைவீட்டில் நடந்த கல்யாணம், தானே முதன்முறை சுட்ட ரொட்டி கருகியது என யாவும் எழுதினாள். ஒன்றிலும் ஏன் பேசவில்லை என்ற கேள்வி இல்லை. பின்னர், தாயை வேலைக்கு அனுப்பிய முகவரிடமிருந்து அவள் இறந்த செய்தி வந்தது; மாரடைப்பு என்றனர். இறந்த நாளைக் கேட்டறிந்து கணக்கிட்டேன். அவ்வுடல் அந்நாட்டுக் குளிரறையிற் கிடந்த வாரங்களிலும் நான் தவறாமற் பதினொரு மணிக்கு விசையை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெட்டி ஒரு வியாழக்கிழமை வந்தது. மறுநாள் அடக்கம். லயத்து வாசலிற் பெண்கள் கூடியிருந்தனர். அவர்களுள் ஒருத்தி, சவூதியில் தாய் இருந்த ஊரிலேயே அடுத்த வீட்டில் வேலை செய்து ஒப்பந்தம் முடிந்து திரும்பியவள், மாணவியை அணைத்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வீட்டு மொட்ட மாடியும் பக்கம் பக்கம். துணி காயப் போடத்தான் நாங்க மூஞ்சிய பாத்துக்கிறது. சனிக்கெழம எட்டரையாயிருச்சுன்னா ஒங்கம்மா கூடைய கீழ வச்சுட்டு அப்படியே நிக்கும். ‘என்னாடி, வெயில்ல செல மாதிரி’ம்பேன். ‘செத்த சும்மா இருடி, எம் புள்ள பேசுது’ன்னும். கம்ப்யூட்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் ஆகாயம். கொஞ்ச நேரம் நின்னு, கண்ணத் தொடச்சிட்டு வேலய பாக்கும்.”

மாணவி தலை நிமிர்ந்தாள். “அக்கா, மழையில சேர் பஸ் லேட்டான சனிக்கெழமயும் நின்னுச்சா?”

“எந்தச் சனின்னு கேட்டா எனக்கென்னாடி தெரியும்? எல்லாச் சனியும் நின்னுச்சு.”

அடக்கம் முடிந்து நான் புறப்படுகையில் மாணவி ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தாள்.

“மரண அறிவித்தல் ரேடியோவுக்குக் குடுக்க வசதியில்லன்னு அப்பா சொல்லிட்டாருங்க. நம்ம பூவுல போட்டுருங்க சேர். பதினொண்ணுக்கே போடுங்க.”

பேருந்தில் அதனைப் படித்தேன். “மடுல்சீமையைப் பிறப்பிடமாகவும் சவூதியைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட எங்கள் அம்மா இறைபதம் எய்தினார். அன்னார் எனதும் தம்பியினதும் பாசமிகு தாயார் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.” நான் விலக்கிய வகை வாய்பாட்டுச் சொற்களே அதில் நிறைந்திருந்தன. ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை.

அதற்குப் பின் அவள் எழுதவில்லை. “கேக்க ஆளில்லாம என்னத்தங்க எழுதுறது?” என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. ஏனையோர் சில காலம் எழுதினர். வலைப்பூவுக்கு இலவசமாய் இடந்தந்த நிறுவனம் பின்னாளிற் கடையைக் கட்டியபோது, அங்கேயேதான் இருக்கும் என்று நான் உறுதி கூறிய அப்பக்கங்களும் மறைந்தன.

அடக்கத்துக்கு மறுநாளான அந்தச் சனிக்கிழமை கடையில் நான் நெடுநேரம் காத்திருந்தேன். சுவர்க் கடிகாரம் பதினொன்றைத் தொட்டதும் விசையை அழுத்தினேன். அங்கே எட்டரை மணி. அந்த மாடியிற் காயும் துணிகள் மட்டும் அசைந்துகொண்டிருந்திருக்கும்.