கண்ணாடி முன் நிறுத்தியவர்

பரமேஸ்வரி அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பிதான் போனில் சொன்னார். "அக்கா காலையில போயிட்டாங்க. பாக்கார் ஆராங்குல இருக்கிற வீட்டுக்கு வந்துருங்க. நாலு மணிக்கு எடுக்கிறோம்." போனேன். உங்களில் பலர் என்னை அங்கே பார்த்திருப்பீர்கள். அழுதவர்கள் குறைவு. அக்கா அன்பானவர் என்று நான் எழுதினால், அவரோடு வேலை செய்த நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள்.

நம் மருத்துவமனையில், தாடை அறுவைக்கு முன் கணினியில் திட்டமிடும் பிரிவில் அவர் எனக்கு மூத்தவர். ஸ்கேன் படுக்கவைத்து எடுப்பது. நிற்கும்போது அந்த ஆளின் தலை எப்படி இருக்கும் என்று கணினிக்குத் தெரியாது. அதனால் நோயாளியைக் கண்ணாடி முன் நிறுத்தி, தன் கண்ணையே பார்க்கச் சொல்லிப் படம் எடுப்போம். அதை வைத்துத்தான் திரையில் தலையை நிமிர்த்துவோம். அங்கே பிசகினால் தாடையும் பிசகும்.

லூனாஸிலிருந்து கவிதா வந்தாள். தொழிற்சாலை வேலை, இருபத்து மூன்று வயது. கோணிய தாடையை மறைக்கத் தலையைச் சாய்த்தே பழகியவள். அக்கா அவள் முகத்தில் விழுந்த முடியை இழுத்துக் கட்டினார்.

"உன் கண்ணைப் பாரு. சாய்க்காத."

அவள் அழுதாள்.

"அழுதுட்டு வா, நிக்கிறேன். சாய்ஞ்சு நின்னா சாய்ஞ்ச மூஞ்சிதான் கிடைக்கும்."

ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார். படம் எடுக்குமுன்பே கவிதா வெளியே ஓடிவிட்டாள்.

அவள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "அது மனுஷியா, தம்பி? எம்பொண்ணு வீட்டுல கண்ணாடியவே திருப்பி வச்சிருக்கா. எனக்கு மலாய் எழுத வராதுலா. ஆபீஸுக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்னதைவிடக் கூட்டியே எழுதினேன். அக்காவிடம் நான் வாங்கிய ஏச்செல்லாம் அதில் இறங்கியது. இரண்டு வாரத்தில் அவரைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள்.

மறுமுறை கவிதாவை நான் பார்த்தேன். கண்ணாடியை அப்புறப்படுத்திவிட்டு, "உங்களுக்கு வசதியா நில்லுங்க" என்றேன். சிரித்தாள். சில நிமிடங்களில் படம் எடுத்தாயிற்று. அவள் பழகிய சாய்வையே நேர் என்று திரையில் வைத்தேன். மருத்துவரும் பார்த்துச் சம்மதித்தார். அறுவை திட்டப்படி பிசகாமல் நடந்தது. வீக்கம் வற்றி அவள் தலைநிமிர்ந்து நின்றபோது, உதடுகள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தன.

"அண்ணே, இதுதான் நேரா?"

மறு அறுவை செய்யலாம் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை.

கேள்விப்பட்டு அக்கா வந்தார். என் திரையை வெகுநேரம் பார்த்தார். "உன் நல்ல மனச அவ மூஞ்சியில எழுதிட்டியே, தம்பி." லெட்டர் என் கைவேலை என்பதும் அவருக்குத் தெரியும், என் மலாயில் வரும் பிழைகளை வருடக்கணக்காகத் திருத்தியவர் அவர். அதைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

போன மாதம் அவர் படுக்கையில் கிடந்தபோது போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?"

"இல்லக்கா."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிளம்பும்வரை திரும்பவே இல்லை.

அவரை எரித்த மறுநாள் லூனாஸுக்குப் போனேன். கவிதாவின் அம்மா கதவைத் திறந்தார். லெட்டரில் நான் கூட்டி எழுதியதையும், கண்ணாடியை எடுத்ததையும் வாசலில் நின்றே சொல்லி, கவிதா என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். உள்ளிருந்து கவிதாவின் குரல் வந்தது. "அம்மா, கதவச் சாத்துங்க."

அம்மா சாத்தினார்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். கேட்டேன் அக்கா என்று சொல்ல, இப்போது ஆள் இல்லை.