கோச்சிக்கு வைத்திருந்த மழைத் தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை, நுளம்பு முட்டையிடும் என்று பயந்து, வீட்டில் தேங்கியிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினேன். பூச்சாடித் தட்டு, கோழிக்கு வைத்த சட்டி, கிணற்றடி வாளி... எதையும் விடவில்லை. மகளின் முன்பள்ளி வட்ஸ்அப் குழுவில், ஒரு பிள்ளைக்கு டெங்கு என்று செய்தி வந்திருந்தது. அதற்குப் பிறகு கை எங்கே நிற்கும்?

அந்த வேகத்தில் குசினியில் அடுப்பு மூலையில் இருந்த பிளாஸ்டிக் கானையும் கவிழ்த்துவிட்டேன். அது என்னுடைய கோச்சிக்கு, ரயில் இஞ்சினுக்கு, வைத்திருந்த மழைத் தண்ணீர்!

விளையாட்டில்லை. என்னிடம் மூன்று நீராவி இஞ்சின்கள் இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களிலும் கற்குவாரிகளிலும் ஒடுக்கமான தண்டவாளத்தில் ஓடிய இஞ்சின்களின் சிறிய வடிவங்கள். ஒரு முழம்கூட வராது. ஆனால் உள்ளே காஸ் எரிந்து, தண்ணீர் கொதித்து, உண்மையான நீராவியில்தான் ஓடும். லண்டனில் இருக்கும் அண்ணை ஒவ்வொன்றாகத் தேடி அனுப்பியவை.

கலியாணத்துக்கு முன் ஞாயிறு தவறாமல் ஓட்டினேன். மகள் ஆரணி பிறந்ததும் எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் போய்விட்டன. நெருப்பு, கொதிநீர், சின்னக் கை... நீங்களே சொல்லுங்கள், துணிவு வருமா?

இப்போது அவளுக்கு நாலு வயது. ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் "அடுத்த ஞாயிறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிறு காற்று. மறு ஞாயிறு அவளுக்கு மூக்கொழுகும் தடிமன். கடைசியில் என் மாமியாரிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது.

"அது ஓடாது அப்பம்மா. அம்மா சும்மா சொல்லுறவ."

என்ன வந்தாலும் இந்த ஞாயிறு ஓட்டுவதென்று அன்றைக்கே வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை. முற்றத்தில் சீமெந்துக் கற்களின் மேல் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினேன். தடியால் மண்ணில் ஒரு கோடு கீறி, அதைத் தாண்டக்கூடாது என்று மகளை நிறுத்தினேன். போய்க் கானைத் தூக்கினால்... வெறும் கான்! வெள்ளிக்கிழமை கவிழ்த்தது அப்போதுதான் நினைவு வந்தது.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கேத்திலின் அடியைப் பார்த்தாலே போதும், வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருக்கும். இஞ்சினின் மெல்லிய குழாய்களை அது அடைத்துவிடும். ஒருமுறைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றார் இவர், ஆரணியின் அப்பா. பிறகு, பெற்றோல் செட்டில் கார் பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் வாங்கி வரட்டுமா என்றார். அதில் அசிட் கலந்திருந்தால்?

'அடுத்த ஞாயிறு' என்பது வாய்வரை வந்துவிட்டது. ஆரணி என்னைப் பார்க்கவில்லை. அப்பம்மாவைப் பார்த்தாள்.

அவ்வளவுதான்! இடியப்பம் அவிக்கும் பானையில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். நடுவில் உயரமாக ஒரு கிண்ணம். பானையின் மேல் மூடியை மல்லாத்தி வைத்து, அதில் ஐஸ் கட்டிகள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சுண்ணாம்பு பானையிலேயே தங்கிவிடும் அல்லவா? மாமி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தண்ணி கொதிக்க வைக்கிறதுக்குத் தண்ணி கொதிக்க வைக்கிறாய் பிள்ளை. அதோடை நாலு இடியப்பத்தையும் அவிச்சிருக்கலாம்."

கிண்ணம் நிறைய மத்தியானமாகிவிட்டது. ஆறவிட்டு, இஞ்சினில் ஊற்றி, காஸைப் பற்றவைத்தேன். வால்வு சீறியது. மெல்லத் தள்ளிவிட்டேன். சக்கரங்கள் பிடித்துக்கொண்டன.

இதற்கு ரிமோட் கிடையாது. கையை எடுத்தால் காஸ் முடியும்வரை தன்பாட்டில் ஓடும். ஆனால் நான் எங்கே கையை எடுத்தேன்? சரிந்தால் பிடிக்கலாம் என்று குனிந்தபடியே பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

"அம்மா, கோட்டுக்கு இங்காலை வாங்கோ. சுடும்."

வந்து, மகளுக்குப் பக்கத்தில் நின்றேன். கோச்சி ஓடியது.

எல்லாம் கழுவி அடுக்கும்போது மாமி கேட்டார். "அந்தக் கானுக்கு மூடி இருந்ததெல்லே? நுளம்பு எப்பிடி உள்ளை போகும்?"

கானை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தேன்.

நேற்று ஒரு மழை பெய்தது. கானை நிரப்பி வைத்திருக்கிறேன். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்.