எங்கள் அதிபர் ஏற்றுக்கொண்ட மணி

தர்மராஜா ஐயா போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். தலவாக்கலை பஸ்ஸில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். "என்னாங்க மாமா, வர்றீங்களா இல்லியா?" என்றான் கண்டக்டர். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்துவிட்டேன்.

ஐயாவை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இன்று லிஃப்ட் வைத்து நிற்கிற நம் பல்கலைக்கழகம், மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வகுப்பு வைத்த சின்னக் கல்லூரியாக இருந்தபோது ஐயா அதிபர். நான் மணி அடிப்பவன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் இன்றைய பேராசிரியர்களில் பாதிப் பேர் என் மணிக்குப் பயந்து ஓடிவந்தவர்கள். நான் அடித்தால் கொத்மலை நீர்த்தேக்கத்துத் தண்ணீர் அசையும்.

தேயிலைக் கொழுந்து வாட்டிய மாடியில்தான் வகுப்பு. தகரத்தில் மழை இறங்கினால் பாடம் கேட்காது. ஐயா பலகையில் எழுதிய வெண்கட்டியை வைத்துவிட்டு, "அது பேசி முடிக்கட்டும்" என்பார்.

கல்லூரியை உயர்த்துவதா, இழுத்து மூடுவதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. கார்கள் வளைவில் ஏறியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராஜாவுக்கு அடிப்பதுபோல நீட்டி அடித்தேன். எங்கள் தோட்டத்தில் நீட்டி அடித்தால் மண்சரிவு என்று அர்த்தம். அந்த நேரத்தில் அது என் புத்தியில் ஏறவே இல்லை. ஆயிரம் பேர், இரண்டாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கூடைகளை மலையில் போட்டுவிட்டு மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர், தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்து மாரியாயி அக்கா.

"எங்க சரிஞ்சிருச்சு? புள்ளைங்க வெளிய வந்துருச்சா?"

"யார் மணி அடிக்கச் சொன்னது?" என்று குழுத் தலைவர் கேட்டார். என் வேலை போயிற்று என்று நின்றேன்.

"நான்தாங்க" என்றார் ஐயா.

அக்கா அவரைப் பார்த்தார். "சும்மாவா கூப்பிட்டீங்க? போன மழையில எம் மவன மண்ணுக்குள்ளருந்து எடுத்த கையிங்க இது. படிச்ச மனுசன் செய்ற வேலையா?"

அன்றோடு அவர் ஐயாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பிள்ளைகளுக்காக ஓடிவந்த அத்தனை மண்வெட்டிகளைப் பார்த்த குழு, இந்தச் சனத்துக்குக் கல்லூரி எதற்கு என்று பிறகு கேட்கவில்லை. கல்லூரி உயர்ந்தது. நானோ மேடைக்கு மேடை, "அது ஐயாவும் நானும் போட்ட திட்டம்" என்று பேசினேன். ஐயா முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருப்பார். ஒரே ஒருமுறை, "மாரியாயிக்கிட்ட எப்பய்யா உண்மையச் சொல்லப் போற?" என்றார்.

செய்தி வந்த அன்று, மரண வீட்டுக்குப் போகுமுன் கீழ் லயத்துக்குப் போனேன். திட்டமும் இல்லை, ஐயா சொல்லவும் இல்லை, எல்லாம் என் கூத்து என்று நின்றபடியே சொன்னேன்.

"ஊரு பூரா வாய் பேசுனியே. இத ஒன்னப் பேச இத்தன வருசமாடா?" என்றார் அக்கா.

சேலையை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். ஐயாவின் காலடியில் உட்கார்ந்தவர், பிரேதம் எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அத்தனை வருடங்களுக்கு முன், குழு போன அந்த மாலை, ஐயா லயம் லயமாகப் போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார். அட்டை கடித்த காலோடு படியில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "நாளைக்கு எட்டு மணிக்கு வகுப்பு இருக்கு. நேரத்துக்கு அடிச்சிரு" என்றார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பேச்சுத்தான். அதில் மட்டும் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.