உறைபனியில் நிலம் பார்க்கப் போனோம்

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. அடுத்தடுத்து மழை பொய்த்திருந்த சமயம். பருத்தி முழங்கால் உயரம்கூட வளராமல் கருகிவிட்டது. நிலத்து வெடிப்பில் கால் சிக்கி முறிந்துவிடுமோ என்று மாட்டை மேய்ச்சலுக்கு விடவே பயமாக இருந்தது.

கோவில்பட்டி பஜாரில் மலைப்பூண்டு வியாபாரம் செய்த பாய் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். சரக்கு எடுக்கக் கொடைக்கானலுக்கும் மேலே ஒரு மலைக்கிராமத்துக்குப் போய் வருவார். அங்கே ஒரு பெரியவர், கீழே மகனோடு போய் இருப்பதற்காக நிலத்தையும் வீட்டையும் விற்கிறார் என்று சொன்னார்.

"தண்ணி சும்மா ஓடுது அண்ணாச்சி. ஆனா மார்கழியில போய்ப் பாருங்க. வெயில் காலத்துல பாத்தா எல்லா மலையும் சொர்க்கமாத்தான் தெரியும்" என்றார்.

அவர் பேச்சை மதித்து மார்கழியிலேயே கிளம்பினோம், நானும் என் மனைவியும். கம்பளி எங்களுக்கு ஏது? என் முழுக்கைச் சட்டையை அவள் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். நான் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டேன். பஸ் மாறி மாறிப் போய் ரோட்டில் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் கீழ்நோக்கி வெகுதூரம் நடந்த பிறகுதான் ஊரே கண்ணில் பட்டது.

படிப்படியாக இறங்கும் வயல். ஓரத்தில் யாரும் இறைக்காமலே ஓடுகிற ஓடை. மண்ணை அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. அங்கேயே பேசி முடித்துவிடத் துடித்தேன்.

என் மனைவி மண்ணைத் தொடவே இல்லை. பெரியவரைப் பார்த்து, "இங்கன ஒருத்திக்குப் பிரசவ வலி வந்தா எங்க கொண்டு போவாவ?" என்று கேட்டாள்.

"ரோடு வரைக்கும் தூக்கிட்டுத்தான் போகணும்மா. அதுக்கப்புறம் எந்த வண்டி வருதோ அதுல" என்றார் அவர்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் முதல் குழந்தை தங்கவில்லை. மழை பொய்ப்பதற்கு முந்தின வருஷம் அது. வலி எடுத்த அன்று பார்த்துத் திடீரென்று பெருமழை. கரிசல் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரி தூரமில்லை என்றாலும் மாட்டுவண்டி அசையவே இல்லை.

அன்று பெரியவர் வீட்டிலேயே தங்கினோம். விடிந்து கதவைத் திறந்தால் ஊரே வெளுத்துக் கிடந்தது. குளத்தூர் உப்பளத்தைத்தான் அப்படிப் பார்த்திருக்கிறேன். புல்லெல்லாம் உறைபனி. முந்தின நாள் பச்சையாக நின்ற உருளைக்கிழங்குச் செடிகள் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டிருந்தன. இதையும்தான் பார்க்க வேண்டும் என்று பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று புரிந்தது.

அதற்குள் கீழ்வீட்டிலிருந்து அலறல். தலைப்பிரசவத்துக்கு இருந்த ஒரு பெண். கணவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். மருத்துவச்சி வெளியே வந்து, "குழந்தை குறுக்கே கிடக்கு. என்னால ஆகாது, உடனே கொண்டு போங்க" என்றாள்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை; ஊரே வந்து கூடிவிட்டது. மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளி ஆக்கினார்கள். ஒருவன் லாரியை நிறுத்தி வைக்க ரோட்டுக்கு ஓடினான். பாறையெல்லாம் பனி படிந்து வழுக்கியது. பெண்கள் கூடை கூடையாக அடுப்புச் சாம்பலை எடுத்துக்கொண்டு, வழுக்கும் இடமெல்லாம் தூவியபடி முன்னால் ஏறினார்கள். என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தூளியோடு நடந்தாள்.

நானும் தோள் கொடுத்தேன். செங்குத்தான ஒரு திருப்பத்தில் என் கால் சறுக்கியது. தூளி ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே பள்ளம். எனக்குப் பின்னால் வந்தவர் சட்டென்று முட்டி போட்டு, மொத்தப் பாரத்தையும் தன் தோளில் வாங்கிக்கொண்டார். முட்டி கிழிந்து ரத்தம் வழிந்தது. "எழுந்திரிங்க, போவோம்" என்றார், அவ்வளவுதான். அவரும் நிலத்துக்காரப் பெரியவரும் வாய்க்கால் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று இருவரும் ஒரே மூங்கிலைச் சுமந்தார்கள்.

ரோட்டில் ஒரு முட்டைக்கோஸ் லாரி நின்றது. டிரைவர் மூட்டைகளை இறக்கிப் போட்டு இடம் பண்ணியிருந்தார். மருத்துவச்சியும் என் மனைவியும் அந்தப் பெண்ணோடு ஏறிப் போனார்கள். அன்று முழுவதும் ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் என் மனைவி திரும்பி வந்தாள். "பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு" என்று பாதையின் மேலிருந்தே கத்தினாள்.

தனியாக இருக்கும்போது நானே பேச்சை எடுத்தேன். "நமக்கு இந்த இடம் வேண்டாம்ட்டி. நம்மூருக்கே போயிருவோம்."

"எதுக்கு?" என்றாள். "எனக்கு வலி வந்தப்ப நீங்களும் வண்டிக்காரரும் மட்டுந்தான் சேத்துல நின்னீய. விதைப்பு நேரம், எல்லாரும் தூரத்துப் புஞ்சைக்குப் போயிருந்தாவ. குத்தம் சொல்லல. ஆனா இங்கன ஒரு புள்ளைக்கு ஊரே கூட வந்துச்சே. நான் இங்கனயே இருக்கேன்." பிறகு, "அந்தத் துண்டு நிலம் விளைஞ்சாலும் சரி, விளையலேன்னாலும் சரி" என்றாள்.

பங்குனியில் குடி வந்துவிட்டோம். முதல் மார்கழியில் பனி எங்கள் கிழங்கையும் தீய்த்தது. அதற்கு அடுத்த வருஷம் என் மனைவியை அதே ஆட்கள் ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். மகன் பிறந்தான். இப்போது வீட்டு வாசலுக்கே ஜீப் வருகிறது.

வெளியூர்க்காரர்கள் இன்றும் இங்கே நிலம் பார்க்க வருகிறார்கள். மண், தண்ணீர், வழி எல்லாம் விசாரிக்கிறார்கள். நானும் பொறுமையாகச் சொல்கிறேன். ஆனால் அன்று அந்தப் பெண்ணின் கையை விடாமல் அந்த மேட்டில் ஏறிக்கொண்டே என் மனைவி இந்த ஊரைப் பார்த்தாளே, அப்படி ஓர் இடத்தைப் பார்க்க எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.