கூலிக்கு வந்த அத்தை

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஒரே ஒரு பெருமைதான் உண்டு. அது நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி இருந்தது. மழை பெய்தால் ஓடு ஒழுகும், அடுப்படியில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் இடைவேளை மணி அடித்ததும் ஓடிவந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அடுத்த மணிக்குள் வகுப்புக்குத் திரும்பிவிடலாம். தர்மபுரியில் எனக்கு அப்படி வேறு வீடு கிடையாது. அதனால் வீட்டுக்காரர், பெங்களூரில் மகனோடு இருக்கப் போவதாகவும் தைக்குள் வீட்டை விற்றாக வேண்டும் என்றும் சொன்னபோது, வீடு போவதைவிட வேலை போவதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

என் கணவர் தொப்பூர் கணவாய்ச் சாலையில் கல் போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. சனிக்கிழமை வருவார், திங்கள் விடியுமுன் போய்விடுவார். மழைக்காலத்தில் கூலி கிடையாது. ஆகவே உலை கொதித்தது என் சம்பளத்தில்தான். அந்தச் சம்பளம் வர வேண்டுமானால் மூன்று வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டவர் இண்டூரிலிருந்து வந்த ஒரு விதவை. பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். சாப்பாடு போக மாதம் இரண்டு ரூபாய் கூலி. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை வாத்தியாரம்மா என்பார்.

வீட்டை அடமானமாக வைத்துக்கொண்டு கடன் கொடுக்க ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. நாங்களே அந்த வீட்டை வாங்கிவிடலாம் என்று அங்கே போனேன். குமாஸ்தா வரவு செலவு கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். பிள்ளை பார்க்கிற ஆளுக்குக் கூலி என்றதும் பேனாவை நிறுத்தினார்.

"பெத்த புள்ளயப் பாக்கறதுக்குக் கூலியாங்க? இத எழுதுனா மனு திரும்பி வந்துரும். தவணை கட்ட மிச்சம் நிக்காது."

"அவங்க இல்லீனா எனக்குச் சம்பளமே இல்லீங்களே."

"அதுக்கு இதுல கட்டம் இல்லீங்க" என்றார்.

கெட்டவர் இல்லை. வழியும் அவரே சொன்னார். "வூட்டுல சொந்தக்காரங்க யாரும் இல்லீங்களா? அவங்க பாத்துக்கிட்டா அது செலவுல வராது."

என் மாமியார், நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர். கணவருக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. சனிக்கிழமை அவர் வந்ததும் கலந்து பேசி, அக்காவை அவருக்கு அத்தையாக்கினோம். விஷயத்தைச் சொன்னபோது அக்கா முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "அத்தைன்னா சோத்துக்கு நெய் ஊத்துவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணைக்குச் சங்கத்தின் காரியதரிசியே வந்தார். சேலத்திலிருந்து புதிதாக வந்தவர், ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாதவர். அக்கா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "வந்தவருக்கு மோர் கொண்டா" என்று என்னை ஏவினார். பழக்கமில்லாத வேலை, ஆனால் சீக்கிரமே பழகிக்கொண்டார். காரியதரிசி திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கடன் கொடுக்கச் சம்மதித்துத் தகவல் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. வீடு பழையது என்பதால், நிலமுள்ள ஒருவர் தன் நிலத்தையும் ஈடு காட்டி ஜாமீன் நிற்க வேண்டுமாம். எங்களுக்காக நிலத்தை ஈடு காட்டும் ஆள் இருந்தால் நாங்கள் ஏன் சங்கத்துக்குப் போகிறோம்? கணவரின் காண்ட்ராக்டர், பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு அவரைக் கண்ணிலேயே காணோம். மார்கழி பிறந்துவிட்டது. ஒரு நாள் இடைவேளைக்கு ஓடிவந்தவள், பால் கொடுத்துக்கொண்டே அழுதேன்.

"எங்கிட்டக் காடு இருக்குதுங்களே" என்றார் அக்கா.

இண்டூரில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். தகப்பனார் அவர் பெயருக்கே எழுதிவைத்தது. என் பிள்ளைகளின் துணியை அலசுகிறவருக்கு நிலம் இருந்தது. சம்பளம் கொடுக்கிற எனக்கு ஒரு புத்தகப் பைதான் இருந்தது.

கணவர் வந்ததும் மூவரும் சங்கத்துக்குப் போனோம். காரியதரிசி அக்காவைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "ஒரே குடும்பத்துல இருக்கற சொந்தக்காரங்க ஜாமீன் நிக்கக் கூடாது. அத்தைன்னு நானே எழுதியிருக்கேன்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார்.

"நான் அத்தை இல்லீங்க. கூலிக்கு இருக்கறவ" என்றார் அக்கா.

காரியதரிசி மனுவைப் புரட்டித் தன் கையெழுத்தைப் பார்த்தார். எங்கள் பொய்யை வெளியே சொன்னால், நேரில் விசாரித்ததாக அவர் போட்ட கையெழுத்தும் சேர்ந்து சந்திக்கு வரும்.

"கூலி எவ்வளவு?"

"மாசம் ரெண்டு ரூவாங்க."

"குடியிருக்கறது?"

"இவிங்க வூட்லதாங்க."

"அப்ப வாடகை குடுக்கணுமே. அதையும் ரெண்டு ரூபாய்னு வெச்சுக்குவோம்."

செலவில் இரண்டு, வரவில் இரண்டு என்று எழுதினார். அத்தையை அடித்துவிட்டுக் குடித்தனக்காரர் என்று போட்டார். கூட்டிப் பார்த்தால் கணக்கு பழையபடியே வந்தது. தை பிறப்பதற்குள் வீடு எங்களுடையதாயிற்று.

அடுத்த வாரம் அக்காவின் அண்ணன்மார் இருவர் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். காட்டை எழுதித் தரச் சொல்லி அவர்கள் முதலில் கெஞ்சுவதும் பிறகு மிரட்டுவதும் பல வருஷத்து வழக்கம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"காடு சங்கத்துல ஈடா கெடக்குதுண்ணா. இவிங்க கடன் தீர்ற வரைக்கும் நான் தொட முடியாது."

அவர்கள் போனதும் என்னிடம் இன்னொரு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

யுத்தம் வந்தது. கணவாயில் லாரிகள் பெருகின, சாலை வேலைக்கு ஆள் போதவில்லை. கணவர் கையில் முதல்முறையாகப் பணம் தங்கியது. மீதிக் கடனை மொத்தமாகக் கட்டிவிட்டால் வட்டி மிச்சம் என்றார். அக்கா களி கிண்டுவதை நிறுத்தினார்.

"மொத்தமாக் கட்டிட்டாப் பத்திரம் வந்துருங்களா?"

"வந்துரும்."

"அப்ப எங்கண்ணனுங்களும் வந்துருவாங்க."

கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பணத்தில் ஓடு மாற்றினோம். கடனைத் தவணைப்படியே, வட்டியோடு, கடைசி வரை கட்டினோம். கையில் காசிருந்தும் வட்டி கட்டுகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் காரியதரிசி. முட்டாள் என்பதை மரியாதையாகச் சொல்ல அவருக்குத் தெரியும். எனக்கு வருத்தமில்லை. பிள்ளை பார்க்கும் செலவை மனுவில் மறைத்திருந்தோம், அதைத்தான் வட்டியாகக் கட்டினோம்.

கடன் தீர்ந்தபோது கைக்குழந்தை என் வகுப்பிலேயே உட்காரும் பெண்ணாகியிருந்தாள். அக்காவின் பெரியண்ணன் காலமாகிவிட்டார். சின்னவர் வருவதை நிறுத்திவிட்டார். இனி அக்கா தாராளமாக இண்டூருக்குப் போகலாம். அவர் தன் காட்டுப் பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"வாத்தியாரம்மா, அந்த ரெண்டு ரூவா வாடகைய நான் ஒரு மாசங்கூடக் குடுக்கலீங்களே. எவ்ளோ பாக்கி?"

"நெறைய இருக்குதுங்க்கா. அதக் கட்டிட்டு எங்க வேணாலும் போங்க" என்றேன்.

அக்கா பத்திரத்தை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினார்.

"கட்டறேன்னு யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டு, களிக்கு உலை வைக்கப் போனார்.